வெந்தயம் மணத்த வைன்

1998ஆம் ஆண்டு பாரிசுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை கோப்பை கழுவுவது. எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு முதல் வேலை அதுதான். பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் யாரோ ஒருவர் யாரிடமோ சொல்லுவார், அவர் கூட்டிக்கொண்டுபோய் ஒரு குசினிக்குள் விடுவார், அடுத்த நாள் முழங்கை வரைக்கும் சவர்க்கார நுரை. இரண்டாவது வருடத்தில் எனக்கு ஒரு சின்ன ஏற்றம் கிடைத்தது. தட்டு, சட்டி எல்லாம் இன்னொரு தம்பியிடம் போக, வைன் கிளாஸ்களை மட்டும் என் பொறுப்பில் விட்டார்கள்.

அந்த உணவகத்து சொமெலியே, அதாவது வைன் தெரிவு செய்து பரிமாறும் பெரியவர், கிளாசை மெசினுக்குள் போட விடமாட்டார். வெந்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி, கொதிநீர் ஆவியில் காட்டி, லினன் துணியால் துடைக்க வேண்டும். அடியை ஒரு கையாலும் கிண்ணத்தை மறு கையாலும் பிடித்துத் திருகினால் தண்டு முறிந்து கையைக் கிழிக்கும். கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, துணியோடு சேர்த்துச் சுற்ற வேண்டும். துடைத்து வைத்த கிளாசைப் பெரியவர் வெளிச்சத்தில் பார்த்ததை விட மூக்கில் வைத்துப் பார்த்ததுதான் அதிகம். அலுமாரி மணம், ஈரத்துணி மணம், சவர்க்கார மணம் ஏதாவது இருந்தால் திரும்பவும் தொட்டிக்குள் போகும். ஆகவே வைனை மணக்கப் பழக முதலே வெறுங்கிளாசை மணக்கப் பழகிவிட்டேன். இன்றைக்கும் யாராவது வைன் பழக வேண்டுமென்று கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: ஊற்ற முன் கிளாசை மணந்து பாருங்கள். வீட்டில் நல்ல வைன் கெட்டதாகத் தெரிகிற நேரங்களில் பாதிக் குற்றம் கிளாசில்தான் இருக்கிறது.

இரவு வேலை முடிந்ததும், போத்தல்களின் அடியில் மிஞ்சியதைப் பெரியவர் எங்கள் எல்லோருக்கும் ஒரு விரல் அளவு ஊற்றித் தருவார். ஒவ்வொருவரிடமும் "என்ன மணக்கிறது?" என்று கேட்பார். மற்றவர்கள் காசிஸ் என்பார்கள், குரோசெய் என்பார்கள், வயலட் பூ என்பார்கள், காட்டுத்தரை என்பார்கள். அந்தப் பழங்களையும் பூக்களையும் நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. என் முறை வரும்போது "நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கிளாசை வைத்துவிடுவேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. எங்கள் ஆட்களின் மூக்குக்கு இது சரிவராது என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

அது மாறியது ஒரு குளிர்கால இரவில். அன்று ஜூரா பகுதியின் மஞ்சள் வைன் ஒரு போத்தல் திறந்திருந்தார்கள். பிரெஞ்சில் வான் ஜோன். கோழியும் மொரில் காளானும் அந்த வைன் விட்டுச் சமைத்த கறியோடு யாரோ வாங்கிக் குடித்துவிட்டு மூன்று விரல் மிச்சம் விட்டிருந்தார்கள். பொன் நிறம். கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன அந்தக் கணத்தில் நான் பாரிசில் இல்லை. அம்மா அடுப்படியில் நிற்கிறா, தாச்சியில் வெந்தயம் சிவந்து வருகிறது, கருக முன்னம் எடுக்க வேண்டும் என்று கையில் அகப்பையோடு நிற்கிறா. என் வாயில் இருந்து தமிழில்தான் வந்தது: "வெந்தயம்."

பெரியவருக்கு விளங்கவில்லை. பிரெஞ்சில் அதற்கு என்ன பெயர் என்று எனக்கும் தெரியாது. அடுத்த நாள் வேலைக்கு வர முதல் லா சப்பல் தமிழ்க்கடையில் ஒரு சின்னப் பக்கெட் வாங்கினேன். பக்கெட்டில் பிரெஞ்சுப் பெயரும் இருந்தது, ஃபெனுகிரெக். குசினியில் எண்ணெய் விடாமல் ஒரு சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுத்தேன். பச்சை வெந்தயத்தில் அந்த மணம் அவ்வளவாகத் தெரியாது. சூடு ஏறி, மஞ்சள் போய், செம்பழுப்பாகும்போதுதான் கருகின சீனியும் கைப்பும் சேர்ந்த அந்த மணம் எழும்பும். ஒரு பீரிஸில் கொட்டி, பக்கத்தில் மஞ்சள் வைனை வைத்தேன். பெரியவர் இதை ஒரு தரம், அதை ஒரு தரம் என்று நாலைந்து முறை மாறி மாறி மணந்தார். பிறகு கதிரையை இழுத்து இருந்துவிட்டார். "இந்த வைனுக்குக் கறி மணம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். கறிக்குள்ளே எது என்று இன்றைக்குத்தான் தெரியும்" என்றார். அடுத்த மாதமே என்னைக் கிளாஸ் தொட்டியில் இருந்து எடுத்துத் தன் உதவியாளாக வைத்துக்கொண்டார்.

அந்த மணத்துக்குக் காரணம் சோதோலோன் என்ற ஒரு சேர்மம். வெந்தயத்தின் குணமான மணத்துக்கும் அதுவே காரணம். ஒரு மலைநாட்டுத் திராட்சை வைனுக்குள் அது எப்படி வந்தது என்று அறிய நானே ஜூராவுக்குப் போனேன். சுவிட்சர்லாந்து எல்லைக்கு இப்பால் உள்ள மலைச்சாரல் அது. லூயி பாஸ்டர் வளர்ந்த ஆர்புவா ஊரும் அங்கேதான். ஷாத்தோ-ஷலோன் என்ற ஊர் ஒரு செங்குத்துப் பாறையின் மேல் இருக்கிறது. கீழே சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண் சரிவில் சவன்யான் என்ற வெள்ளைத் திராட்சை. நன்றாகப் பழுக்க விட்டு, பிந்தித்தான் பிடுங்குவார்கள்.

வழக்கமாக மரப்பீப்பாவில் வைன் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், காற்றுப் படக்கூடாது என்பதற்காக. மஞ்சள் வைனுக்கு அப்படி நிரப்புவதில்லை. குறைய விடுகிறார்கள். வைன் மேலே தானாகவே ஈஸ்ட் ஒரு ஆடைபோலப் படியும். காய்ச்சிய பாலில் ஏடு படிகிற மாதிரி, அதைவிட மெல்லிசாக, சாம்பல் வெள்ளையாக. அந்த ஆடைதான் வைனை விநாகிரியாகப் போகாமல் காக்கிறது. அதன் அடியில் ஆறு வருடமும் மூன்று மாதமும் இருக்கும்போதுதான் வால்நட்டும் வெந்தயமும் சேர்ந்த மணம் பிறக்கிறது. நான் போன நிலவறைக்காரர் பீப்பாவின் வாயில் டோர்ச் அடித்து அந்த ஆடையைக் காட்டினார். மூச்சுப் படக்கூடாது என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தேன். எல்லாப் பீப்பாவும் மஞ்சள் வைனாக வருவதில்லை, சிலதில் ஆடை உடைந்து போகும். காலநிலை சரியில்லாத 2001ஆம் ஆண்டில் ஷாத்தோ-ஷலோன் பெயரில் ஒரு போத்தல்கூட வரவில்லை. தங்கள் வைன் அந்தப் பெயருக்குத் தகுதியில்லை என்று அந்த ஊரே ஒதுக்கிக்கொண்டது.

போத்தலும் வேறு. கிளாவ்லான் என்று பெயர், கட்டையாகத் தோள் அகன்று இருக்கும், 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டர் வைன் அத்தனை வருடத்தில் ஆவியாகி மிஞ்சுவது அவ்வளவுதான் என்று சொல்வார்கள். வாங்குகிறவர்கள் இதைக் குளிரூட்டிக் கெடுக்காதீர்கள். 14, 15 பாகையில், திறந்து சில மணி நேரம் விட்டுத்தான் குடிக்க வேண்டும். ஏற்கெனவே காற்றோடு பழகின வைன் என்றபடியால் திறந்த பிறகும் கிழமைக் கணக்கில் கெடாமல் இருக்கும். என் வீட்டில் ஒரு போத்தல் ஒரு மாதம் போகும்.

வெந்தயத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வழி பிடிபட்டது. பிரெஞ்சுச் சொற்களை மனப்பாடம் செய்வதை விட்டேன். ஒரு கொப்பி வாங்கி, எந்த வைனை மணந்தாலும் முதலில் மனதில் வருவதைத் தமிழில் எழுதினேன். நாவற்பழம், கராம்பு, கறுவா, பனங்கட்டி, உலர்ந்த புகையிலை, தோல் செருப்பு, எதுவானாலும். பிறகு சந்தைக்குப் போய்க் காசிஸ் வாங்கி மணந்து, தின்று, அது என் கொப்பியில் எதற்குக் கிட்ட வருகிறது என்று பொருத்திப் பார்த்தேன். மணத்தை அறிகிற மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் வைத்துப் பத்திரப்படுத்துகிற பழக்கம்தான் இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் தங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மணந்து பெயர் சொல்லிப் பார்க்கட்டும். எத்தனை தவறுகிறது என்று பார்த்தால் திகைத்துப் போவார்கள்.

சுவையில் நமக்கு இன்னும் பெரிய வசதி உண்டு. சிவப்பு வைனின் தானின் என்ற பொருள் வாயை இறுக்கிப் பிடிப்பதை மற்றவர்களுக்கு விளக்கப் பெரியவர் படாத பாடு படுவார். நமக்குத் துவர்ப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை ஆறு சுவைகளில் ஒன்றாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். நாவற்பழம் தின்று நாக்கு ஒட்டுவதும், சாயம் கூடின வெறுந்தேத்தண்ணியும், வாழைப்பூவும் எல்லாம் வேறு வேறு துவர்ப்பு என்று நமக்குத் தெரியும். வைனிலும் அப்படித்தான். இளம் போர்தோ வைனின் துவர்ப்பு பல் முரசைப் பிடித்து இழுக்கும். பர்கண்டிப் பக்கத்து ஊரான ஷாம்போல்-மூசிஞியின் நல்ல வைனில் துவர்ப்பு வாழைப்பூவைப் பாலில் அவித்த மாதிரி, இருந்தும் இல்லாமலும் இருக்கும். துவர்ப்பின் அளவை விட அதன் தன்மையைக் கவனித்தால் வைனின் தரம் தெரியத் தொடங்கிவிடும். விழுங்கின பிறகு நாக்கில் மணல் மாதிரித் தங்கினால் ஒரு வகை, தூள் மாதிரிப் படிந்து கரைந்தால் இன்னொரு வகை.

மிளகையும் சொல்ல வேண்டும். ரோன் நதியின் வடபகுதியில் கோத்-ரோத்தி என்று ஒரு சரிவு. பெயருக்கு வறுபட்ட மலைச்சரிவு என்று பொருள். படிக்கட்டுப்போல வெட்டிக் கல் அடுக்கிய அந்தச் சரிவில் சிரா என்ற கறுப்புத் திராட்சை வளர்கிறது. முதல் தடவை மணந்தபோது இது உண்மையிலேயே மிளகுதான், மிளகு மாதிரி இல்லை என்று பெரியவரோடு வாதாடினேன். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிரா வைனின் அந்த மணத்துக்கு ரொட்டண்டோன் என்ற சேர்மம் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மிளகில் இருப்பதும் அதே ரொட்டண்டோன்தான். ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் அறவே தெரியாது என்பதும் அந்த ஆய்வில் வெளிவந்தது. ஆகவே உங்களுக்கு மணக்கிற ஒன்று பக்கத்தில் இருப்பவருக்கு மணக்காவிட்டால் அவரைக் குறையாக எண்ண வேண்டாம். கராம்பு மணம் பெரும்பாலும் திராட்சையில் இருந்து வருவதில்லை, ஓக் மரப்பீப்பாவில் இருந்து வருவது. கராம்பின் யூஜெனோல் அந்த மரத்திலும் உண்டு. வனிலா மணமும் அப்படியே. ஒரு வைனில் கராம்பும் வனிலாவும்தான் தெரிகிறது, பழமே தெரியவில்லை என்றால் நீங்கள் மரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

2006 செப்டெம்பரில் விடுமுறை எடுத்துக்கொண்டு பூர்கோனுக்கு, ஆங்கிலத்தில் பர்கண்டி என்பார்களே அங்கே, திராட்சை பிடுங்கப் போனேன். திஜோனில் இருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு ஓடும் ஒடுங்கிய சரிவு அது. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே, பெரும்பாலும் இந்த இரண்டே வகை. ஆனால் நிலத்தை 1,247 துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கிளிமா என்பார்கள். 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

வேலை கடுமை. காலை ஏழரைக்குப் பனியில் நனைந்த இலைக்குள் கையை விட வேண்டும். கொடி இடுப்பளவுக்கு மேல் உயராது, குலை முழங்கால் உயரத்தில் தொங்கும். ஒன்றில் முழந்தாளிட வேண்டும் அல்லது நாள் முழுக்க வளைந்து நிற்க வேண்டும். கத்தரியால் காம்பை வெட்டி, பூஞ்சை பிடித்த மணிகளைக் கிள்ளி எறிந்து, வாளிக்குள் போட வேண்டும். மூன்றாம் நாள் கட்டிலில் இருந்து எழும்ப முடியாமல் உருண்டுதான் இறங்கினேன். அந்தத் தோட்டத்துக்காரி அறுபது வயது கடந்தவர், என்னைவிட வேகமாக வெட்டுவார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் என்னைக் கூட்டிப்போய்ச் சரிவைக் காட்டினார். கீழே பிரதான வீதிக்கு அப்பால் சமதரையில் மண் கனம், தண்ணீர் நிற்கும், அங்கே சாதாரண பூர்கோன் வைன். வீதிக்கு மேலே ஏறினால் ஊர்ப்பெயர் வைன். இன்னும் ஏற பிரெமியே குரு, அதற்கும் மேலான தரம். சரிவின் நடுவில் மண் மெல்லிசாகி, சுண்ணாம்புப் பாறை கிட்ட வந்து, காலை வெயில் நேரே விழுகிற இடங்களில் கிராண்ட் குரு, எல்லாவற்றிலும் உயர்ந்த தரம். உச்சிக்குப் போனால் குளிர், மண்ணும் இல்லை, தரம் திரும்பவும் இறங்கும். இரவு மேசையில் கீழ்த் துண்டின் வைனையும் நடுத் துண்டின் வைனையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினார். ஒரே வருடம், ஒரே திராட்சை, ஒரே கை. கீழ்த்துண்டு வாய்க்கு நன்றாக இருந்தது, ஆனால் விழுங்கியதும் முடிந்துவிட்டது. மற்றது விழுங்கின பிறகும் போகாமல், செர்ரியாக இருந்தது ரோசாவாகி, பிறகு கல்லில் நீர் பட்ட மாதிரி ஒரு குளிர்ச்சியாகி, நான் எண்ணிப் பார்த்தேன், அரை நிமிடம் நின்றது. தரமான வைனை அறிய எனக்குத் தெரிந்த நம்பகமான அளவு இதுதான். விலையும் லேபலும் பார்க்க முன்பு, வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள்.

இதெல்லாம் எனக்குப் புதினமாக இருக்கவில்லை. எங்கள் ஊரில் என் பெரியப்பா தனிப்பனைக் கள்ளு என்றால்தான் குடிப்பார். கலந்து வந்தால் வாயில் வைத்த உடனே தெரிந்துவிடும். எந்த வளவு, கிணற்றுப் பக்கமா கடற்கரைப் பக்கமா என்று சொல்வார். தோட்டத்துக்காரியிடம் இதைச் சொன்னபோது, அந்த மரங்களுக்குப் பெயர் இருந்ததா என்று கேட்டார். சிலதுக்கு இருந்தது என்றேன். தலையை ஆட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

பூர்கோன் லேபலில் ஒரு பொறி இருக்கிறது, நானும் விழுந்திருக்கிறேன். ஷாம்பெர்த்தான் என்று தனியே போட்டிருந்தால் அது கிராண்ட் குரு. ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்றால் ஊர் வைன். ஜெவ்ரே என்ற ஊர் 1847இல் தன் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது, பிறகு மற்ற ஊர்களும் அதையே செய்தன. பெயர் நீளமானால் விலை கூடும் என்று நினைக்காதீர்கள், இங்கே தலைகீழ். அதைப்போல "பழைய கொடிகள்" என்று போட்டிருப்பதற்குச் சட்டத்தில் எந்த வயது வரையறையும் இல்லை. தோட்டப் பெயரை விடச் செய்தவர் பெயர் முக்கியம். சித்தோ மடத்துத் துறவிகள் மதில் கட்டி உருவாக்கிய குளோ த வூஜோ என்ற தோட்டம் ஏறக்குறைய 50 ஹெக்டேர், இன்று 80 பேரளவில் அதைப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரே கிராண்ட் குரு பெயரில் மிக நல்லதும் வரும், ஏமாற்றமும் வரும். கையில் காசு குறைவென்றால் பெரிய தோட்டத்தின் சுமாரான போத்தலை விட, கவனமான ஒருவரின் ஊர் வைனை வாங்குங்கள்.

நான் இழந்த ஒரு போத்தலைப் பற்றியும் எழுத வேண்டும். 2002இல் மூத்த மகள் பிறந்தாள். அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து 1999ஆம் ஆண்டு ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் ஒன்று வாங்கினேன். ஆறாம் மாடியில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்குக் கீழே எங்கள் அறை. வைக்க இடமில்லாமல் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே நிறுத்தி வைத்தேன். 2003 ஆகஸ்டில் அந்தப் பெரிய வெக்கை வந்தது. நாற்பது பாகை வரை போனது, இரவிலும் குறையவில்லை. நாடெங்கும் முதியவர்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போன நாட்கள் அவை. கைக்குழந்தையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே நாங்கள் இரவைக் கழித்தோம், போத்தலைப் பற்றி நினைக்கவே இல்லை. செப்டெம்பரில் பார்த்தபோது தக்கை வெளியே தள்ளி, மூடித் தகட்டின் ஓரத்தால் சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது. பெரியவரிடம் கொண்டுபோனேன். திறந்து மணந்து என்னிடம் தந்தார். அவிந்த பழம், கருகின ஜாம். "இதை ஊற்றாதே, இந்த மணத்தை மறக்காமல் வைத்துக்கொள்" என்றார். வெயிலில் நின்ற லொறியில் வந்த வைனையோ, கடைக் கண்ணாடி ஓரத்தில் வைத்திருந்த வைனையோ அதன் பிறகு நான் மணத்திலேயே கண்டுபிடிப்பேன். வீட்டில் வைப்பதென்றால் இருட்டு, சூடு ஏறி இறங்காத இடம், தக்கை நனையும்படி படுக்க வைத்த போத்தல், இந்த மூன்றும் வேண்டும். அடுப்படி கூடவே கூடாது. இப்படி இடமில்லாதவர்கள் வாங்கி வைக்காமல் வாங்கின மாதமே குடித்துவிடுவதுதான் நல்லது.

தக்கை நோய் பற்றி. நல்ல போத்தலிலும் சிலவேளை தக்கையில் பூஞ்சையால் உண்டாகும் ஒரு சேர்மம் இருக்கும். ஒரு லிட்டரில் சில நானோகிராம் போதும், வைன் முழுதும் நனைந்த காகித அட்டை, ஈரச் சாக்கு மணக்கும். கடுமையாக இருந்தால் எவருக்கும் தெரியும். லேசாக இருந்தால்தான் சிக்கல், ஏனென்றால் பழமணம் முழுதையும் அமுக்கி, வைனே மொட்டையாக இருக்கிறது என்று நினைக்க வைக்கும். நான் பரிமாறத் தொடங்கிய புதிதில் அப்படி ஒரு போத்தலைக் கவனிக்காமல் ஊற்றிவிட்டேன். வந்தவர்தான் மணந்து சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியவர் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் போத்தலைக் குசினிக்குள் கொண்டுவந்து என்னை மணக்க வைத்தார், அரை மணிக்கு ஒரு தரம், இரவு மூடும் வரை. உணவகத்தில் முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது இதைச் சோதிக்கத்தான், உங்களுக்குப் பிடிக்கிறதா என்று கேட்க அல்ல. ஈரச்சாக்கு மணம் வந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள்.

போர்தோவைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இல்லை. 1855ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட வைன் தோட்டங்களின் தரவரிசை இன்றும் நிற்கிறது, பெரிதாக ஏற்றம் பெற்றது 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் ஒன்றுதான். பெரும் பெயர்களை மதிக்கிறேன், அங்கத்தைய காபெர்னே சொவிஞோன் திராட்சையின் காசிஸும் பென்சில் சீவின மணமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவை பொறுமைக்காரருடைய வைன். பத்துப் பதினைந்து வருடம் வைக்க இடமில்லாத மாடிக் குடியிருப்புக்காரருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. போர்தோவில் என் மனம் இருப்பது சோத்தேர்ன் என்ற இனிப்பு வெள்ளை வைனில். சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு சூடான கரோன் நதியில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் திராட்சைத் தோலில் ஒரு பூஞ்சை பிடிக்கும், மத்தியான வெயிலில் மணி சுருங்கித் தண்ணீர் வற்றும். பழத்தோட்டக்காரன் அஞ்சுகிற அதே பூஞ்சையை இவர்கள் காத்திருந்து வரவேற்கிறார்கள். சுருங்கின மணிகளை மட்டும் பொறுக்க ஒரே கொடிக்குப் பல தடவை போவார்கள். அங்கே பேர்பெற்ற தோட்டமான ஷாத்தோ திக்கேமில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்தான் வைன் என்பார்கள். 1992இலும் 2012இலும் அவர்கள் அந்தப் பெயரில் வைனே விடவில்லை. வயதேறிய சோத்தேர்னில் தேன், குங்குமப்பூ, உலர்ந்த அப்ரிகோட் எல்லாம் தாண்டி அடியில் எனக்கு ஒன்று பிடிபடும். அதிலும் சோதோலோன் உண்டு. வெந்தயம் அங்கேயும் காத்திருக்கிறது.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு எதைக் குடிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். துவர்ப்புக் கூடின சிவப்பு வைனும் செத்தல் மிளகாய் உறைப்பும் சேர்ந்தால் இரண்டும் கெடும். உறைப்பு இரண்டு மடங்காகும், வைன் கைக்கும். நண்டுக்கறிக்கு வூவ்ரேயில் இருந்து வரும் லேசான இனிப்புள்ள வெள்ளை, அல்லது அல்சாசின் கெவுர்ஸ்த்ரமினேர். அதில் லிச்சிப் பழமும் ரோசாவும் மணக்கும். மஞ்சள் வைனுக்கு உறைப்பு ஆகாது, சாராயச் சத்து அதில் கூட. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் போட்ட மீன் சொதியோடு அதை வைத்துப் பாருங்கள். நான் கண்டுபிடித்ததில் எனக்கே மிகப் பெருமையானது அந்தச் சோடி. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் கொடு என்பது வீடுகளைச் சூடாக்காத காலத்துப் பேச்சு. இப்போதைய வீட்டில் கோடைகாலம் என்றால் சிவப்பையும் இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், பினோ நுவாருக்கு 15, 16 பாகை போதும். நல்ல வெள்ளையை இருபது நிமிடம் முந்தி வெளியே எடுங்கள். கடுங்குளிரில் எந்த மணமும் எழும்பாது.

குடி எங்கள் சமூகத்தில் செய்த அழிவை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். லா சப்பலிலும் கண்டேன், தனியறைகளிலும் கண்டேன். ஆகவே இதை அழுத்தியே சொல்கிறேன்: என் தொழிலில் ஒரு நாளைக்கு இருபது வைன் சுவைத்தாலும் ஒரு மிடறும் உள்ளே போவதில்லை. சுவைத்துத் துப்புவதற்கு வாளி பக்கத்திலேயே இருக்கும். வைனின் பெரும்பகுதி மூக்கிலேயே இருக்கிறது. குடிக்கவே விரும்பாத ஒருவரும் அதை முழுதாக அறியலாம்.

எங்கள் அம்மா அப்படித்தான். வாழ்நாளில் ஒரு துளி வாயில் வைத்ததில்லை, என் வேலையைப் பற்றிச் சொந்தக்காரர் கேட்டால் ஹோட்டலில் வேலை என்று மட்டும் சொல்லுவா. 2011இல் பாரிசுக்கு வந்து நின்றபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தா. நான் ஷாத்தோ-ஷலோன் திறந்து, குடிக்க வேண்டாம், மணந்து மட்டும் பாருங்கோ என்று கிளாசை நீட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பினா. பிறகு சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நெடுநேரம் மூக்குக்குக் கிட்ட வைத்திருந்தா.

"வெந்தயம் கருக முதல் இறக்கியிருக்கினம்" என்றா.